கழுவிய தண்ணீருக்கு யார் சொந்தம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான் முன்பு வேலை செய்த அருங்காட்சியகத்தில் இப்போது வேலை செய்யும் வித்யா என்ற பெண். கோயம்புத்தூர்க்காரி, ஒக்லாந்தில் பிளாட் புஷ் பக்கம் புது வீடு வாங்கியிருக்கிறாள். நல்ல பிள்ளை, அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"ஆண்ட்டி, பார்ட்லெட் சாருக்கு எண்பது வயசு ஆகுது. ஒரு மலர் போடுறோம். நீங்க அவர்கிட்ட ரொம்ப வருஷம் வேலை பார்த்தீங்கல்ல, ரெண்டு பக்கம் எழுதித் தரணும்."

"என்னத்தைப் பிள்ளை எழுதுறது?"

"அந்தத் தண்ணி பாட்டில் கதைதான் ஆண்ட்டி. சார் அந்த மாவோரி அம்மாகிட்ட தண்ணியத் திருப்பிக் குடுத்தாரே. இப்ப ட்ரெய்னிங்ல முதல்ல அதைத்தான் சொல்லித் தர்றோம். நீங்ககூட அப்ப பக்கத்துல இருந்தீங்களாமே?"

பக்கத்தில் இருந்தேனாம். "ஓம் பிள்ளை, பக்கத்திலதான் நிண்டனான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வித்யா ஆங்கிலத்தில்தான் எழுதித் தரக் கேட்டாள். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தானாக மரியாதை வந்துவிடுகிறது. அந்த மொழியில் நான் அதிகம் சொன்னது நன்றியும் மன்னிப்பும்தான். கோபப்படுவதற்குத் தமிழ்தான் வசதி. வித்யாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், வாசிக்கட்டும். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் றோசலின் அருள்நாதன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் தாதியாக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவரோடும் மகளோடும் ஒக்லாந்துக்கு வந்தேன். தாதி வேலைக்கு ஆங்கிலச் சோதனை எழுதச் சொன்னார்கள். இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் மயிரிழையில் தவறியது. காயத்துக்கு மருந்து கட்டக் கட்டுரை எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆகவே துப்புரவு வேலைக்குப் போனேன். ஒரு கப்பல் முதலாளியின் குடும்பம், தங்கள் முன்னோர் தேடிச் சேர்த்ததையெல்லாம் வைத்துக் கட்டிய சிறிய அருங்காட்சியகம் அது. பெயர் சொல்லப் போவதில்லை.

ஒரு நாள் பண்டகசாலையில் ஒரு பெட்டியின் மேல் துணி விலகிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரிப்பது போல நான்கு மூலையும் மடித்து இழுத்து விட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மிஸ்டர் பார்ட்லெட், துணிகளைப் பாதுகாக்கும் பிரிவின் தலைவர். "இந்தக் கைகள் தரை துடைக்கக் கூடாது" என்றார். அடுத்த மாதம் நான் அவருடைய உதவியாள். மூன்று வருடத்தில் நார், சாயம், பூச்சி, ஈரப்பதம் எல்லாம் படித்தேன். படிப்பித்தது அவர்தான், நான் மறுக்கவில்லை. அவரிடம் கற்றதை வைத்துத்தான் அவரைப் பிடித்தேன் என்பதும் உண்மை.

அவரைப் பற்றி எழுதத்தானே கேட்டீர்கள். எழுதுகிறேன். உயரமான மனிதர். குரல் ஒருநாளும் உயராது, பொருட்களுக்குப் பக்கத்தில் வந்தால் இன்னும் தணியும், பூசை நேரத்தில் கதைப்பது போல. தினமும் காலையில் ஆளுக்கு இரண்டு பென்சில் தானே சீவி மேசையில் வைப்பார். மை உள்ளே வரவே கூடாது. கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டார், கையுறை போடாத நேரத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். நான் செய்த வேலையை "நாம் செய்தோம்" என்பார். என்னை ரோஸ் என்று கூப்பிடுவார். என் பெயர் றோசலின் என்று முதல் வாரம் சொன்னேன். "ரோஸ் அழகாக இருக்கிறதே" என்றார். அவருக்கு அழகாக இருந்தால் போதும்.

தேநீர் நேரத்தில் எனக்குச் சரித்திரம் சொல்லித் தருவார். ஐரோப்பியக் கப்பல்கள் போன இடங்களிலெல்லாம் நடந்ததற்கு அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, "சந்திப்பு". யாழ்ப்பாணத்துக்குப் போர்த்துக்கீசர் வந்ததும் சந்திப்பு. ஒருநாள், நாங்கள் வீட்டில் புழங்கும் கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் போர்த்துக்கீசச் சொற்கள் என்று கண்டுபிடித்துவிட்டு வந்து, "பாருங்கள், ரோஸ், எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்!" என்று பூரித்தார். கதிரை என்ற சொல்லைத் தந்தார்கள்தான், அதில் உட்கார்ந்ததும் அவர்கள்தான் என்று என் நாக்கு நுனியில் வந்தது. விழுங்கிவிட்டுத் தேநீர் குடித்தேன். நான் கத்தோலிக்கப் பெண். என் வேதமே ஒரு கப்பலில் வந்ததுதான். அதற்காக அந்தக் கப்பலில் துவக்கும் வெடிமருந்தும் வந்தன என்று எனக்குத் தெரியாமல் போகுமா?

இனி முறைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு பழைய துணி மேசைக்கு வந்தால் முதலில் அளந்து, படம் எடுத்து, கிழிசலையும் கறையையும் படத்தில் குறிக்க வேண்டும். பிறகு மேலே நைலோன் வலை விரித்து, குறைந்த இழுவையில் தூசி எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு நூலை நனைத்து ஒற்றுத்தாளில் வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். காய்ச்சி வடித்த தண்ணீரைக் கறையில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கீழே தட்டு. தட்டில் முதலில் விழும் தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி, பொருளின் எண்ணைப் பென்சிலால் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். ஏதாவது தவறுதலாகக் கரைந்து போயிருந்தால் அந்தத் தண்ணீரில் தேடலாம். இவ்வளவையும் பார்ட்லெட் ஒரு தாளில் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார். கடைசி வரி இது: "சுத்தம் செய்தவர் அறிக்கையில் கையெழுத்திட்ட பின், அவரே அந்த நீரை அகற்ற வேண்டும்."

தொண்ணூறுகளின் நடுவில் "முதல் சந்திப்புகள்" என்று ஒரு பெரிய கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்தது. இருநூறு வருடத்துக்கு முன் பசிபிக்குக்கு வந்த கப்பல்களைப் பற்றியது. அதில் நடுநாயகமாக நிற்க இருந்தது, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மேலாடை ஒன்று. ஃபிளாக்ஸ் என்ற செடியின் நீண்ட இலையை உரித்து எடுத்த நாரில் கையால் பின்னியது, பட்டுப் போலிருக்கும். ஓர் ஆங்கிலக் கப்பலின் லெப்டினன்ட் கொண்டுபோய், அவருடைய வழித்தோன்றல்கள் பின்னர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்களாம். அதனுடைய விவர அட்டையில் "ஒரு தலைவன் லெப்டினன்டுக்கு அளித்த அன்பளிப்பு" என்று இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. அதன் நடுவில் ஒரு சிறு ஓட்டை. அட்டையில் "பூச்சி ஓட்டை, துருக்கறை" என்று எழுதியிருந்தது.

"விரித்துக் காட்டப் போகிறோம், ரோஸ். அந்தக் கறை கண்ணை உறுத்துகிறது. வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுவோமா?" என்றார் பார்ட்லெட்.

எடுத்துவிடுவோமா என்றால் நான் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் சொன்ன மாதிரியே பார்த்தேன். கறை அசையவில்லை. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லாமல், நானும் யோசிக்காமல், குளிர்பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை எடுத்து அதில் சில துளி அமோனியா விட்டேன். பதினான்கு வருடம் கட்டில் விரிப்புகளுக்குச் செய்த வேலை. கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. கறை இளகியது. தட்டில் வெளிறிய தேநீர் நிறத்தில் தண்ணீர் விழுந்தது. எனக்குச் சந்தோசம்கூட வந்தது, வெட்கத்தோடு எழுதுகிறேன். முதல் தண்ணீரைப் போத்தலில் ஊற்றி எண் எழுதினேன். முக்கால்வாசி போய், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் வளையமாக மிஞ்சியது. நடு முதலில் போய், ஓரம் கடைசியில் போகும் கறை எது என்று எந்தத் தாதியைக் கேட்டாலும் சொல்லுவாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பூதக்கண்ணாடியை இழுத்து ஓட்டையைப் பார்த்தேன். பூச்சி ஓரத்திலிருந்து அரித்துத் தின்னும், நார் மொட்டையாக நிற்கும். இங்கே நார்கள் அறுந்து, எல்லாமே ஒரே பக்கமாக, உள்ளே தள்ளப்பட்டு நின்றன. என் சுட்டுவிரல் நுனி போகும் அளவு. இப்படி எத்தனை சட்டைகளைப் பார்த்திருக்கிறேன்! துவக்கு வெடிபட்டு வருகிறவர்களின் உடுப்பைக் கத்தரியால் வெட்டி எடுத்துக் கடதாசிப் பையில் போட்டு, நீதவான் விசாரணைக்கு வைப்பது என் வேலை. ஓட்டையின் குறுக்கே வெட்டக் கூடாது, இரத்தத்தைக் கழுவக் கூடாது என்று புதிதாக வரும் தாதிப் பெட்டைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். சொல்லிக் கொடுத்த நானே ஒரு செத்த மனிதனின் இரத்தத்தை அமோனியா போட்டுக் கழுவியிருந்தேன். கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பிக் கையுறையைக் கழற்றி எறிந்தேன்.

பார்ட்லெட்டின் அறைக்குப் போனேன். "அது பூச்சி இல்லை. அது வெடி. கறை இரத்தம்" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. மேசை லாச்சியைத் திறந்து தட்டச்சுப் பிரதி இரண்டு தாள் எடுத்துத் தந்தார். லெப்டினன்டின் நாட்குறிப்பு. அதில் இருந்தது இதுதான்: கப்பலிலிருந்து ஒரு துண்டு ஐரோப்பியத் துணியைக் கயிற்றில் இறக்கினார்கள். கீழே தோணியில் இருந்தவன் அதை வாங்கிக்கொண்டான், தன் மேலாடையைக் கழற்றித் தரவில்லை, சிரித்துவிட்டுத் துடுப்பை எடுத்தான். லெப்டினன்ட் சுட்டார். மற்றவர்கள் கடலில் குதித்து நீந்திப் போனார்கள். படகு இறக்கிப் போய், விழுந்து கிடந்தவனின் தோளிலிருந்து மேலாடையை எடுத்தார்கள். கொடுத்த துணியையும் மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதையும் அந்த மனிதன் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நமக்குத் தெரியும், ரோஸ். ஆனால் கண்காட்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். சந்திப்பைப் பற்றிய கண்காட்சி இது."

"இரத்தம் என்று தெரிந்துகொண்டா என்னிடம் கழுவக் கொடுத்தீர்கள்?"

"அது இரத்தம் என்று யாரும் சோதித்ததில்லை. சோதிக்காததை நாம் எழுதுவதில்லை." பிறகு அதே தணிந்த குரலில், "அமோனியா சேர்த்ததாகச் சொன்னீர்களே, அது அனுமதி பெற்ற முறை இல்லை. அறிக்கையில் எழுதத்தான் வேண்டியிருக்கும். நாம் இரண்டு பேரும் இதைப் பெரிதாக்காமல் விடுவது நல்லது" என்றார்.

அமோனியாவைப் பற்றி நான்தான் வாய் உளறிச் சொல்லியிருந்தேன். நல்ல வேலைக்காரி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அன்று அந்தப் போத்தலைத் தட்டில் வைத்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனேன். கோபத்தில், எங்கள் வீடு இருந்த ஹில்ஸ்பரோ வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், இருக்கை காலியாகத்தான் இருந்தது.

வீட்டில் என் கணவருக்கு, இவருக்கு, சொன்னேன். இவர் அப்போது டாக்ஸி ஓடிக்கொண்டிருந்தார். வீட்டு மோர்ட்கேஜ் எடுத்து ஒரு வருடம்தான்.

"அவையள் வந்து பார்க்கப் போகினமோ? அந்த மேலாடைக்காரற்ற சொந்தக்காரர்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை வருகினம். கண்காட்சிக்கு முதல் அவையளைக் கூப்பிடுறது வழக்கம்."

"நீர் சொல்லப் போறீரோ?"

"சொன்னால் வேலை போகுமப்பா."

"போகும்தான்." சோற்றைப் பிசைந்தார். "அங்கை ஆஸ்பத்திரியில ஆமிக்காரன் வந்து அந்த உடுப்புப் பையைத் தா எண்டு துவக்கோட நிக்கேக்க, கையெழுத்தில்லாமல் தரமாட்டன் எண்டு நிண்டனீர். இஞ்சை பென்சில் சீவிற மனுசனுக்குப் பயப்பிடுறீர். எனக்கு விளங்கேல்லை."

எனக்கு இவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. அங்கே எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை, இங்கே மாதக் கணக்கில் பயப்பட வைத்திருக்கிறார்கள் என்று கத்தினேன். மகள் அறைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் சத்தம் போட வேண்டாம் என்றாள்.

வியாழக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். மெரே என்ற அறுபது வயதுப் பெண்மணி, மெரேயின் தம்பி, மெரேயின் மகள். ஒக்லாந்திலிருந்து மூன்று மணி நேரம் கிழக்கே ஒரு சிறு குடாவைச் சேர்ந்தவர்கள். மெரே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் பொறுப்பாக இருந்தவர், பருத்த கைகள். மூவரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். தலையில் பச்சை இலைகளை வளையமாகக் கட்டியிருந்தார்கள், செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் கட்டுவது. மெரே வாசலிலேயே நின்று மேலாடையைப் பார்த்துக் குரலெடுத்துக் கூப்பிட்டார். பிறகு கிட்ட வந்து அழுதார். எங்கள் ஊர்ச் செத்தவீட்டு ஒப்பாரிதான், மொழி மட்டும் வேறு. பார்ட்லெட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இதுவும் காட்சிப் பொருள் என்பது போலத் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடிய மெரே உள்பக்கத்தைப் பார்க்கக் கேட்டார். நான் திருப்பினேன்.

"அவருடைய இரத்தம் எங்கே?" என்று கேட்டார்.

பார்ட்லெட் என்னைப் பார்த்தார். மெரே விடவில்லை.

"இரத்தத்தோடுதான் கொண்டுபோனார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாடல்களிலும் அது இருக்கிறது. உடம்பைக் கரையில் எடுத்துப் புதைத்தோம். இரத்தம் இதோடு போய்விட்டது. அது எங்கே?"

"சிறிது அழுக்கு இருந்தது. அதற்குச் சிகிச்சை செய்தோம்" என்றார் பார்ட்லெட்.

"செய்தோம்" என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் அறுந்தது. "நான் கழுவினேன்" என்றேன். "அது இரத்தம். வெடி பட்ட ஓட்டை அது. லெப்டினன்ட் சுட்டதை எழுதி வைத்த தாள் இவருடைய லாச்சியில் இருக்கிறது. கழுவும்போது எனக்குத் தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்திருந்தது."

மெரே என்னை மன்னிப்பார், கையைப் பிடிப்பார் என்று வித்யா போன்ற பிள்ளைகள் எதிர்பார்க்கலாம். அவர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பென்சில்கள் எல்லாம் உருண்டன. "உன்னைப் பார்த்தால் நீயும் எங்கேயோ அடிவாங்கி வந்தவள் மாதிரித்தான் இருக்கிறது. நீயுமா?" என்றார். அந்த அடி எனக்கு விழ வேண்டியதுதான்.

பிறகு, "கழுவிய தண்ணீர் எங்கே?" என்று கேட்டார்.

தட்டில் இருந்த போத்தலைக் காட்டினேன்.

"அது வெறும் அழுக்குத் தண்ணீர்" என்றார் பார்ட்லெட் சிரித்துக்கொண்டு.

"அதைத் தா."

சிரிப்பு நின்றது. பார்ட்லெட் போத்தலைப் பார்த்தார், மெரேயைப் பார்த்தார். "வேண்டுகோள் ஒன்று வந்துவிட்டதால் இது இனி ஓர் ஆவணம். பதிவேட்டில் எண் கொடுத்து, நிர்வாகக் குழுவில் வைத்து, அதன் பிறகு உங்களுக்கு எழுத்தில்..." என்று சொல்லிக்கொண்டே படிவம் எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினார்.

ஒரு நிமிடத்துக்கு முன் சிங்க்கில் ஊற்ற வேண்டிய அழுக்கு. வேறு ஒருத்தி எனக்கு வேண்டும் என்று சொன்ன அந்தக் கணத்தில் அது பார்ட்லெட்டின் சொத்து. இருநூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர்கள் எப்படி வந்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று தேநீர் நேரத்தில் எனக்கு அவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அன்று காலை அந்த மேசையில் அரை நிமிடத்தில் கண்ணால் கண்டேன்.

நான் அறிக்கைத் தாளை இழுத்தேன். "குளிர்ந்த நீர், அமோனியா. கறை: இரத்தம். ஓட்டை: வெடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவர் சீவித் தந்த பென்சிலால். பிறகு சுவரில் இருந்த அவருடைய தாளின் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தேன். "சுத்தம் செய்தவர் நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தண்ணீரை நானே அகற்ற வேண்டும்."

"சிங்க்கில், ரோஸ்."

"சிங்க் என்று தாளில் இல்லை. என் பெயர் றோசலின்."

போத்தலை எடுத்தேன். பார்ட்லெட் கையை நீட்டினார். நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். கையுறை போட்டிருக்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு பொருளையும் வெறுங்கையால் தொடாதவர், அந்தப் பழக்கம் அவரை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டது. அவர் கையுறைப் பெட்டியைத் தேடித் திரும்புவதற்குள் நாங்கள் நான்கு பேரும் படியிறங்கிவிட்டோம். வித்யா, "சார் திருப்பிக் குடுத்தாரே" என்றாயே பிள்ளை, அவர் கொடுத்தது இவ்வளவுதான்.

அன்று மெரே போத்தலைத் தன் கையில் வாங்க மறுத்தார். "எடுத்தவள் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை வா" என்று வழி எழுதித் தந்துவிட்டுப் போனார். சனிக்கிழமை இவர் டாக்ஸியை நிறுத்திவிட்டு என்னைக் கூட்டிப் போனார். போத்தல் உடையக் கூடாதே என்று, இடியப்பமும் சம்பலும் கட்டிய சாப்பாட்டுப் பைக்குள் துவாயில் சுற்றி நிமிர்த்தி வைத்திருந்தேன். எனக்கு அது மிகவும் கவனமான வேலையாகத் தோன்றியது. குடாவில் இறங்கி நான் பையைத் திறந்ததும் மெரே போட்ட சத்தத்தில் அவருடைய நாய்கூட ஓடிவிட்டது.

"சாப்பாட்டோடா வைத்தாய்? ஒரு மனிதனின் இரத்தத்தைச் சாப்பாட்டோடா?"

அவர்களுக்குச் செத்தவரோடு சேர்ந்தது எதுவும் உணவுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்த எனக்கு இது சொல்லித்தானா தெரிய வேண்டும்? இடியப்பத்தை அப்படியே மண்ணில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். இவர் தோண்டினார்.

கடலைப் பார்த்த ஒரு மேட்டில் அவர்களுடைய அடக்க நிலம் இருந்தது. சுற்றி வேலி, உள்ளே போக ஒரு மரப் படலை, படலைக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். மெரேயின் தம்பி ஜெபம் சொல்லிக்கொண்டு முன்னே நடந்தார். படலையடியில் மெரே திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். போத்தலைக் கொடுத்தேன். நானும் அவர் பின்னால் ஓர் அடி வைத்தேன்.

"நீ இல்லை" என்றார். "மேலாடையைக் கொண்டு வா. அன்றைக்கு உள்ளே வரலாம்."

இவர் பக்கத்தில் நின்று என் தோளைத் தொட்டார், நான் தட்டிவிட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு பழைய கல்லின் காலடியில் சிறு குழி வெட்டி, போத்தலைத் திறந்து, தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். போத்தலையும் அதிலேயே வைத்து மூடினார்கள். நான் எண் எழுதிய சிட்டையும் அதோடு போனது. வெளியே வந்து எல்லோரும் குழாயில் கை கழுவினார்கள். எங்களையும் கழுவச் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் கழுவாமல் வீட்டுக்குள் ஏறமாட்டோம், அதனால் அதை மட்டும் பிழையில்லாமல் செய்தேன்.

திங்கட்கிழமை என் மேசையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அனுமதியில்லாத இரசாயனம், அருங்காட்சியகத்துக்குரிய பொருளை வெளியே கொண்டுபோனது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று பத்திரிகைக்காரன் கேட்பான். நான்கு வருடம் பண்டகசாலையில் பெட்டிக்குத் தூசி தட்ட விட்டார்கள். சுவரில் இருந்த தாள் மாற்றப்பட்டது, கடைசி வரியில் "சிங்க்கில்" என்று பார்ட்லெட் சேர்த்திருந்தார். கண்காட்சி அன்பளிப்பு அட்டையோடுதான் திறந்தது. ஓய்வு பெறும் வரை நான் வருடத்துக்கு ஒரு தரம் எழுதிக் கேட்டேன், மெரேயின் ஆட்களும் எழுதினார்கள். கடைசியில் அட்டையை மாற்றினார்கள். இப்போது "பெறப்பட்ட விதம் தெளிவாகத் தெரியவில்லை" என்று இருக்கிறது. தட்டச்சுத் தாள் இரண்டும் எந்த லாச்சியில் இருக்கிறதென்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

பார்ட்லெட் எப்போது அந்தக் கதையைத் தன் கதையாகச் சொல்லத் தொடங்கினார் என்று தெரியாது. உலகம் மாறி, திருப்பிக் கொடுப்பது பெருமையான காரியம் ஆனபோது தொடங்கியிருப்பார். என் அமோனியாவையும் "நாம்" என்று எடுத்துக்கொண்டாரா என்று கேட்டுச் சொல்லு, பிள்ளை.

மெரே மூன்று வருடத்துக்கு முன் காலமானார். நானும் இவரும் போனோம். மேட்டில் இருநூறு முந்நூறு பேர். பெட்டி படலைக்குள் போனது, சனமெல்லாம் பின்னால் போனது. மெரேயின் மகள் திரும்பிப் பார்த்து என்னை வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். தடுக்க அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. தடுத்தவர் பெட்டிக்குள் இருந்தார். இவர்கூட, "போமன், கூப்பிடுகினம்" என்றார்.

நான் போகவில்லை. மேலாடை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் நிற்கிறது. மண் போட்டு முடியும் வரை குழாயடியில் நின்றேன்.